பாலைவன ஆர்வி பார்க்கில் கோளாறா? அறிகுறியை வைத்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி (ஜோஷுவா ட்ரீ பக்கம் தங்குவோருக்கு)

கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் எந்த முகாமிலும் ஆர்விக்கு (உள்ளேயே சமைத்துத் தூங்கும் வீட்டு வண்டிக்கு) கரண்ட் இணைப்போ கழிவுக்குழாய் இணைப்போ கிடையாது. கழிவுத் தொட்டியைக் காலிசெய்ய பிளாக் ராக், காட்டன்வுட் என்று இரண்டே முகாம்கள். ஹிட்டன் வேலியிலும் ஒயிட் டேங்க்கிலும் வண்டியும் இழுவையும் சேர்ந்து 25 அடியைத் தாண்டக் கூடாது. உள்ளே ஜெனரேட்டர் ஓட்ட காலை 7 முதல் 9, மதியம் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 வரைதான் அனுமதி. கோடையில் இந்த நேரக்கணக்கில் ஏசியை நம்பிக் குழந்தைகளோடு தங்க முடியாது. அதனால் பலரும் வடக்கே 62-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிய ட்வென்டிநைன் பாம்ஸ், யக்கா வேலி பக்கம் இந்த இணைப்புகள் தரும் ஏதாவது ஓர் ஆர்வி பார்க்கில் வண்டியைப் போட்டுவிட்டு, காரில் பூங்காவுக்குப் போய் வருகிறார்கள்.

அங்கே வண்டி மக்கர் செய்தால், உடனே இயந்திரம் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். வெயில், தூசி, வறட்சி, குறைந்த வோல்டேஜ் இவை நாலும் நல்ல இயந்திரத்தையும் கெட்டது போலக் காட்டும். எந்த மூடியைக் கழற்றுவதற்கு முன்பும் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: மணி என்ன, வோல்ட் என்ன, இப்போது எதெல்லாம் ஓடுகிறது. கீழே சொல்லியிருக்கும் எல்லாவற்றுக்கும் இந்த மூன்று கேள்விதான் தொடக்கம். அதற்குச் சுவர் பிளக்கில் செருகும் சின்ன வோல்ட் மீட்டர் ஒன்று, சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்று, டயர் அழுத்தமானி ஒன்று போதும்.

மதியத்துக்கு மேல் ஏசி விட்டுவிட்டு ஓடுகிறது, அல்லது உறுமிவிட்டு அடங்கிவிடுகிறது

காலையில் ஒழுங்காக ஓடிய ஏசி மூன்று, நாலு மணிக்குத் தகராறு செய்தால் முதல் சந்தேகம் வோல்டேஜ் மேல்தான். அந்த நேரத்தில் பார்க்கில் நிற்கும் எல்லா வண்டியிலும் ஏசி முழு மூச்சாக ஓடும். நிலத்தடிக் கம்பி பழையதாகவும் நீளமாகவும் இருந்தால், வரிசையின் கடைசியில் நிற்பவருக்கு 120 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 106, 104 என்று இறங்கிவிடும். வோல்ட் குறைந்தால் கம்ப்ரஸர் கூடுதல் ஆம்ப் இழுக்கும், சுருள் சூடாகும், உள்ளே இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச் அணைக்கும். அதையும் மீறி நாள்கணக்கில் ஓட்டினால் சுருள் எரிந்துபோகும்.

வண்டிக்குள் ஒரு பிளக்கில் மீட்டரைச் செருகி, ஏசி ஓடும்போது பாருங்கள். 110-க்கு மேல் என்றால் கவலையில்லை. 105-க்குக் கீழே போனால் ஏசியை உடனே நிறுத்துங்கள். பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஒன்றுமே ஓடாதபோதும் வோல்ட் குறைவாகவே இருந்தால் பிரச்சினை பார்க்கினுடையது. அலுவலகத்தில் சொல்லி வேறு இடம் கேளுங்கள், டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் கிடைத்தால் நல்லது. அணைத்தால் 119, ஏசி போட்டவுடன் 107 என்று விழுந்தால், பார்க்கின் கம்பியாகவும் இருக்கலாம், உங்கள் கேபிள் அல்லது பிளக்காகவும் இருக்கலாம். பக்கத்து வண்டிக்காரரிடம் அவருடைய வோல்ட் என்ன என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

உங்கள் பக்கத்தைச் சோதிக்க, கரண்ட் பெட்டியின் பிரேக்கரை அணைத்து பிளக்கை உருவி, அதன் கால்களை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பித்தளை மினுங்கினால் சரி. ஒரு கால் மட்டும் சுட்ட கத்தரிக்காய்த் தோல் போலக் கறுத்து, அதைச் சுற்றிய பிளாஸ்டிக் கொப்பளித்திருந்தால் அந்த இடத்தில் பிடிப்பு தளர்ந்து சூடேறியிருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி செருகுவது மருந்தாகாது. பிளக்கை மாற்ற வேண்டும், பெட்டியின் சாக்கெட்டையும் பார்க்காரர் மாற்றித்தர வேண்டும். இல்லாவிட்டால் புது பிளக்கும் இரண்டே நாளில் அதே கதிதான். கூடுதல் நீளம் வேண்டுமென்றால் 30 ஆம்ப் இணைப்புக்கு 10 கேஜ் கம்பிதான். தோட்டத்து வேலைக்கு விற்கும் மெல்லிய ஆரஞ்சு ஒயர் கூடவே கூடாது. மீதி கேபிளைச் சுருட்டி வெயிலில் போடாமல், பிரித்து வண்டியின் நிழலில் கிடத்துங்கள்.

வோல்ட் 117, 118 என்று நன்றாக இருந்தும் ஏசி மூன்று, நாலு விநாடி உறுமிவிட்டு நின்றால், கம்ப்ரஸரைக் கிளப்பும் கெபாசிட்டர் வலுவிழந்திருக்க வாய்ப்பு அதிகம். கடுஞ்சூட்டில் முதலில் போகிற பாகம் அதுதான். விலை குறைவு, ஆனால் கரண்டை எடுத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும், எனவே பழக்கமில்லாதவர் கை வைக்கக் கூடாது. ஏசி ஒருமுறை நின்றால் ஐந்து நிமிடம் பொறுத்துத்தான் மறுபடி போட வேண்டும். உள்ளே அழுத்தம் சமமாகுமுன் போட்டால் நல்ல கெபாசிட்டரும் திணறும்.

வோல்ட் காக்கும் பாதுகாப்புக் கருவி வைத்திருப்பவர்கள், அது 104 வோல்டில் கரண்டை வெட்டிவிட்டது என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு நேரடியாகச் செருகுவதுண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது வெட்டியதால்தான் ஏசி பிழைத்தது.

பிரேக்கர் அடிக்கடி விழுகிறது

30 ஆம்ப் இணைப்பில் கிடைப்பது 3,600 வாட். 13,500 பிடியூ திறனுள்ள ஏசி வெயிலில் 13 முதல் 15 ஆம்ப் எடுக்கும். வெந்நீர்த் தொட்டியின் மின் காயில் (சூடேற்றும் சுருள்) 12, மைக்ரோவேவ் 12 அல்லது 13, ஹேர் டிரையர் 12, இண்டக்‌ஷன் அடுப்பு முழு வேகத்தில் 15. ஃபிரிட்ஜ் மின்சாரத்தில் ஓடினால் 3, பேட்டரி சார்ஜர் இன்னொரு 3 முதல் 5. ஏசியோடு மைக்ரோவேவையும் போட்டால் விளிம்பில் நிற்கும். வெந்நீர்த் தொட்டி மின்சாரத்தில் இருப்பதை மறந்துவிட்டால் சோறு குக்கரில் பாதி வேகும்போது எல்லாம் இருட்டிவிடும். வெந்நீரையும் ஃபிரிட்ஜையும் கேஸுக்கு மாற்றிவிட்டால் 15 ஆம்ப் மிச்சமாகும். சமைக்கிற பத்து, பதினைந்து நிமிடம் ஏசியை வெறும் ஃபேனில் விடுங்கள்.

போட்டவுடனே விழுகிறதா, இருபது நிமிடம் கழித்து விழுகிறதா என்பதைக் கவனியுங்கள். உடனே விழுந்தால் எங்கோ ஷார்ட், ஒவ்வொரு பொருளாகக் கழற்றிக் கண்டுபிடிக்க வேண்டும். தாமதமாக விழுந்தால் அதிகச் சுமை, அல்லது பிரேக்கரே சூடு. பிரேக்கர் சூட்டை வைத்து வேலை செய்யும் கருவி. மேற்கு வெயிலில் நாலு மணிநேரம் காய்ந்த இரும்புப் பெட்டிக்குள் இருப்பது 30 ஆம்பை எட்டுமுன்பே விழும். பெட்டி மேல் வெயில் படாமல் ஒரு மறைப்பு நிறுத்தினாலே வித்தியாசம் தெரியும். தொடர்ந்து பல மணிநேரம் ஓடும் சுமையை 24 ஆம்புக்குள் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

50 ஆம்ப் இணைப்பில் பாதிச் சாமான்கள் மட்டும் ஓடினால், வரவேண்டிய இரண்டு லைனில் ஒன்று செத்திருக்கிறது. அது பார்க்காரரின் வேலை. சமையலறை, வெளிப்பக்க பிளக்குகள் மட்டும் செத்திருந்தால் குளியலறை பிளக்கில் இருக்கும் சின்ன ரீசெட் பொத்தானை அழுத்துங்கள். ஆர்வியை வாடகைக்கு எடுத்து வருபவர்கள் பாதி நாளை இதில் தொலைப்பதுண்டு.

ஏசி நிற்காமல் ஓடுகிறது, உள்ளே புழுக்கம் குறையவில்லை

தெர்மாமீட்டரை ஏசி காற்றை இழுக்கும் இடத்தில் ஒருமுறை, குளிர்க்காற்று வரும் வாயில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் 9 முதல் 12 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் ஏசி நல்ல உடம்போடுதான் இருக்கிறது. உள்ளே வருகிற சூட்டை அதால் துரத்தி முடிக்க முடியவில்லை, அவ்வளவுதான். வித்தியாசம் ஏழுக்குக் கீழே என்றால் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். பாலைவனத்தில் வாரம் ஒருமுறை கழுவ வேண்டியிருக்கும். ஈரம் காய்ந்த பிறகு மாட்டுங்கள். உள்ளே ஐஸ் கட்டியிருந்தால் கம்ப்ரஸரை நிறுத்தி ஃபேனை மட்டும் ஒரு மணிநேரம் ஓட விடுங்கள்.

ஏசி நன்றாக இருக்கும்போது செய்ய வேண்டியது சூட்டை வாசலிலேயே நிறுத்துவது. அதிகச் சூடு வருவது கண்ணாடி வழியாக. முன் கண்ணாடியை வெளிப்பக்கமாக மூடுங்கள், உள்ளே திரை போட்டால் சூடு ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. குளியலறைக் கூரைக் கண்ணாடிக்கும், கூரை வென்ட்டுக்கும் அந்த அளவுக்கே தைத்த மெத்தைகள் கிடைக்கின்றன, ஜன்னலுக்கு வெள்ளி நிறக் குமிழிப் படலத்தை வெட்டி வையுங்கள். ஏசியைக் காலை ஏழு மணிக்கே போட்டுவிடுங்கள். வண்டி நெருப்பான பிறகு மதியம் ஒரு மணிக்குப் போட்டால், சுவரும் மெத்தையும் குடித்து வைத்திருக்கும் சூட்டோடு இரவுவரை மல்லுக்கட்ட வேண்டும். பொரியல், குழம்பு எல்லாம் வெளியே கேஸ் அடுப்பில் செய்யுங்கள்.

நிறுத்தும் திசை பெரும்பாலும் இணைப்புகள் இருக்கும் பக்கத்தைப் பொறுத்தது. தேர்ந்தெடுக்க முடிந்தால், முன்பக்கத்தைக் கிழக்கே பார்க்க வையுங்கள். பல வண்டிகளில் ஃபிரிட்ஜ் ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும். கிழக்கே பார்த்தால் அது வடக்கே, நிழலில் வரும். வாசல் பக்கத்துக் கூடாரத் துணி தெற்கு வெயிலை மறைக்கும். முன்பதிவு செய்யும்போதே ஓட்டுநர் பக்கம் எந்தத் திசையில் வரும் என்று கேட்டுவிடுங்கள்.

ஃபிரிட்ஜில் பால் திரிகிறது

பழைய, நடுத்தர வயது ஆர்விகளில் இருப்பது கேஸிலும் கரண்டிலும் ஓடும் அமோனியா வகை. கம்ப்ரஸர் கிடையாது. பின்னால் சூடுபடுத்தப்பட்ட அமோனியா மேலே ஏறி, குளிர்ந்து, தன் எடையால் வழிந்து கீழே வர வேண்டும். ஆகவே இரண்டு விஷயம் முக்கியம்: வண்டி மட்டமாக நிற்பது, பின்பக்கச் சூடு வெளியேறுவது.

உறைவிப்பான் தரையில் சின்ன ரசமட்டத்தை வையுங்கள். ஃபிரிட்ஜின் முகத்தை நேராகப் பார்த்தால் பக்கவாட்டுச் சாய்வு 3 டிகிரிக்குள், முன்பின் சாய்வு 6 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சாய்ந்த நிலையில் பல மணிநேரம் ஓடினால் திரவம் ஓரிடத்தில் தேங்கி, கொதிகலனில் படிவு கட்டி, நிரந்தரமாக அடைத்துவிடும். மட்டம் சரி, ஆனாலும் மதியத்தில் குளிர் போகிறது என்றால் வெளிப்பக்கச் சல்லடை மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே சிலந்திவலை, தூசி, குளவிக்கூடு இருக்கும், மெதுவாகத் துலக்குங்கள். அந்தப் பக்கம் மேற்கு வெயில் பட்டால், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி நிழல் துணி கட்டுங்கள், ஒட்டிக் கட்டினால் காற்று அடைபடும். பின்பக்கப் புகைபோக்கிப் பாதையின் மேல்பகுதியில் 12 வோல்ட் சின்ன ஃபேன் ஒன்றை மேல்நோக்கி ஊதும்படி பொருத்துவது பாலைவனத்துக்காரர்கள் எல்லோரும் செய்கிற காரியம். நாலைந்து டிகிரி குறையும்.

கேஸில் குளிர்கிறது, கரண்டில் குளிரவில்லை என்றால் மின் காயில் போயிருக்கிறது. மறுதலையாக இருந்தால் பர்னரைப் பாருங்கள். சுடர் நீலமாக, நிதானமாக எரிய வேண்டும். மஞ்சளாக ஆடினால் துரு உதிர்ந்தோ சிலந்தி கட்டியோ காற்று வழி அடைத்திருக்கிறது. இந்த ஃபிரிட்ஜ் வெறுமையிலிருந்து குளிர ஓர் இரவு முழுவதும் பிடிக்கும். கிளம்புவதற்கு முந்தின நாளே போட்டு, வீட்டு ஃபிரிட்ஜில் குளிர்ந்த சாமானை மட்டும் உள்ளே வையுங்கள். சூடான சாம்பாரை வைத்தால் பக்கத்திலிருக்கும் தயிரும் சேர்ந்து கெடும். உள்ளே 4 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி வந்தாலோ, பின்னால் குழாயில் மஞ்சள் தூள் படிந்திருந்தாலோ ஃபிரிட்ஜ் ஒழுகுகிறது. கரண்டை அணைத்து, சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். இதில் வீட்டு வைத்தியம் எதுவும் கிடையாது.

கழிவறை நாற்றம் வண்டி முழுவதும்

ஈரமே இல்லாத காற்றில் சிங்க், ஷவர் அடியில் வளைகுழாயில் நிற்கும் தண்ணீர் சில நாளிலேயே வற்றிவிடும். வற்றினால் தொட்டிக் காற்று நேராக மேலே வரும். ஒவ்வொரு துளையிலும் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள், முக்கியமாக யாரும் பயன்படுத்தாத ஷவரில். கழிவறைக் கோப்பையின் அடியில் ரப்பர் வளையத்தின் மேல் எப்போதும் இரண்டு விரல் தண்ணீர் நிற்க வேண்டும். ஒரு மணிநேரத்தில் அது இறங்கிவிட்டால் வளையம் காய்ந்திருக்கிறது, துடைத்து சிலிகான் பசை தடவுங்கள். குளியலறை ஃபேன் ஓடும்போது ஃப்ளஷ் செய்தால் தொட்டிக் காற்றை அது உள்ளே உறிஞ்சும். ஃபேனை நிறுத்திவிட்டு ஃப்ளஷ் செய்யுங்கள்.

இதையெல்லாம் செய்தும் நாறினால், கழிவறைக் கழிவு சேரும் கறுப்புத் தொட்டியின் வால்வை யாரோ திறந்தே வைத்திருக்கிறார்கள். வீட்டு வழக்கத்தில் கழிவுக்குழாயை இணைத்துவிட்டு வால்வைத் திறந்து விடுவார்கள். தண்ணீர் உடனே ஓடிவிடும், மலமும் காகிதமும் குவியலாக உட்கார்ந்து, இந்த வெயிலில் செங்கல்லாகிவிடும். வால்வை மூடி, தொட்டியை முக்கால்வாசி தண்ணீரால் நிரப்பி, ஓர் இரவு ஊற விட்டுக் காலிசெய்யுங்கள். இரண்டு, மூன்று முறை வேண்டியிருக்கும். இனி அந்த வால்வு எப்போதும் மூடியே இருக்கட்டும். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் முதலில் கறுப்புத் தொட்டி, பிறகு சோப்புத் தண்ணீர்த் தொட்டி என்ற வரிசையில் திறந்தால் இரண்டாவது குழாயைக் கழுவிக்கொடுக்கும். முடிந்ததும் கோப்பை வழியாக 15, 20 லிட்டர் தண்ணீர் விட்டு வையுங்கள்.

தண்ணீர் சம்பந்தமானவை

பச்சைத்தண்ணீர் குழாயில் மதியம் வெந்நீர் வருவது கோளாறில்லை, தரையில் கிடக்கும் ஹோஸ் வெயிலில் காய்கிறது. காலையில் வண்டியின் நல்ல தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு பகலில் பம்ப்பில் எடுங்கள். வெளியே கிளம்பும்போது பார்க் குழாயை மூடிவிடுங்கள். சூட்டில் இளகிய ஹோஸ் முழு அழுத்தத்தில் வெடித்தால் திரும்பி வரும்போது உள்ளே குளம்.

அழுத்த ரெகுலேட்டரைக் குழாயிலேயே மாட்டி, அதன் பிறகு ஹோஸ், அதன் பிறகு ஃபில்டர். 45, 50 பிஎஸ்ஐ போதும். தண்ணீர் சன்னமாக வந்தால் வண்டியின் நுழைவு வாயிலில் விரல்நக அளவுக்கு ஒரு சல்லடை இருக்கும், அதில் மணல் அடைத்திருக்கும். ஒரே ஒரு குழாயில் மட்டும் சன்னம் என்றால் அதன் முனைச் சல்லடையைக் கழற்றி வினிகரில் ஊறப்போடுங்கள், சுண்ணாம்பு கரையும்.

வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை வாடை வந்தால் வெந்நீர்த் தொட்டியில் பாக்டீரியா. 15 காலன் தொட்டிக்குக் கால் கப் மணமில்லாத பிளீச் என்ற கணக்கில் கலந்து, ஃபில்டரை எடுத்துவிட்டு, எல்லாக் குழாயிலும் பிளீச் வாடை வரும்வரை ஓட விட்டு, நாலு மணிநேரம் வைத்து அலசுங்கள். தொட்டியில் தண்ணீர் இல்லாமல் மின் காயிலைப் போட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் எரிந்துவிடும். வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் சீராக வருவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சுவிட்ச்.

காற்று: கூடாரத் துணி அடிக்கிறது, தூசி உள்ளே வருகிறது

இங்கே வசந்த காலத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று முன்னறிவிப்பு இல்லாமல் வேகமெடுக்கும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் வந்தால் துணியைச் சுருட்டிவிட வேண்டும். வண்டியை விட்டு நூறு அடி தள்ளிப் போனாலும் சுருட்டிவிட்டுப் போங்கள். கயிறு கட்டி ஆணியடித்தால் துணி தப்பலாம், அதன் கை வளைந்து வண்டிச் சுவரைக் கிழிக்கும். ஸ்லைடு (வண்டிச் சுவரோடு வெளியே நீளும் அறைப்பகுதி) மேல் இருக்கும் துணி இரவெல்லாம் படபடத்தால் காற்றுப் பக்கத்து ஸ்லைடை உள்ளே இழுத்துவிட்டுத் தூங்குங்கள்.

தூசிக்கு: காற்று வரும் பக்கத்து ஜன்னல், வென்ட் எல்லாம் மூடி, எல்லா ஃபேனையும் நிறுத்துங்கள். காற்றை வெளியே தள்ளும் ஃபேன் ஓடினால், ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் தூசியை உள்ளே இழுக்கும்.

தேனீக்கள் மொய்க்கின்றன

கடும் வறட்சிக் காலத்தில் இங்கே தேனீக்களுக்குத் தேவை தண்ணீர். ஏசியிலிருந்து சொட்டும் நீர், ஒழுகும் ஹோஸ் மூட்டு, நாய்க்கு வைத்த கிண்ணம், காயப்போட்ட ஈரத்துண்டு, கார் ஏசி சொட்டு, எதையும் விடாது. முதலில் ஒன்று வரும், வட்டமிட்டுப் போகும். சற்று நேரத்தில் பத்து, பிறகு கூட்டம். கூரை ஓரத்தில் சொட்டு விழும் இடத்தில் வரிசையாக உட்கார்ந்து வயிற்றை அசைத்து அசைத்துக் குடிப்பதைப் பார்க்கலாம். அவை கொட்ட வந்தவையல்ல. விசிறி விரட்டினால்தான் ஆபத்து. மருந்தும் அடிக்க வேண்டாம். ஹோஸ் மூட்டில் வாஷர் மாற்றுங்கள், கிண்ணத்தை உள்ளே எடுங்கள், ஜன்னலை மூடுங்கள். ஈரம் இல்லையென்றால் அவை போய்விடும். மாலை இருட்டினதும் கூட்டம் தானாகக் கலையும், துடைக்கிற வேலையை அப்போது வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டமாகத் துரத்தினால் முகத்தை மூடிக்கொண்டு காருக்குள்ளோ வண்டிக்குள்ளோ ஓடுங்கள். ஒவ்வாமை உள்ளவர் ஊசி மருந்தைக் கையோடு வைத்திருக்க வேண்டும். பூங்காவுக்குள் பெரும்பாலான இடத்தில் போன் சிக்னல் கிடையாது. ஹிட்டன் வேலி முகாம் பக்கம் இன்டர்செக்‌ஷன் ராக் நிறுத்தத்தில் அவசரத் தொலைபேசி இருக்கிறது.

காலையில் எஞ்சின் விளக்கு எரிகிறது, பானட்டுக்குள் குப்பை

பாலைவனக் காட்டெலி ஒரே இரவில் எஞ்சின் மேல் குச்சி, காய்ந்த சாணம், 'சோயா' (cholla) எனும் கள்ளியின் முள்துண்டு எல்லாம் கொண்டுவந்து கூடு கட்டிவிடும். ஒயர் உறையையும் கடிக்கும். இருட்டும் கதகதப்பும்தான் அதற்கு வேண்டும். ஆகவே இரவில் பானட்டைத் திறந்து வைத்து, கீழே ஒரு சோலார் விளக்கைப் போடுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் டார்ச் அடித்துப் பாருங்கள். எலிப்புழுக்கையைப் பெருக்காதீர்கள், தூசியோடு ஹண்டா வைரஸ் மூக்குக்குள் போகலாம். ஒரு பங்கு பிளீச், ஒன்பது பங்கு தண்ணீர் தெளித்து ஐந்து நிமிடம் ஊற விட்டு, கையுறையோடு துடைத்தெடுங்கள்.

ஜனவரி இரவில் ஹீட்டர் காற்று மட்டும் அடிக்கிறது, சூடு வரவில்லை

ட்வென்டிநைன் பாம்ஸ் சுமார் 2,000 அடி உயரம், பிளாக் ராக் 4,000 அடி. குளிர்காலத்தில் இரண்டிலும் தண்ணீர் உறையும் இரவுகள் உண்டு. ஹீட்டர் ஃபேன் சுற்றிச் சுடர் வராவிட்டால் முதலில் கேஸ் அடுப்பைப் பற்றவைத்துப் பாருங்கள், எரியாவிட்டால் சிலிண்டர் காலி. எரிந்தால் பேட்டரி வோல்டைப் பாருங்கள். ஃபேன் போதிய வேகத்தில் சுற்றினால்தான் உள்ளே இருக்கும் மெல்லிய காற்றுத் தகடு தள்ளப்பட்டு கேஸ் திறக்கும். பேட்டரி 11 வோல்டுக்கு இறங்கினால் ஃபேன் சுற்றுவது போலத் தெரியும், தகடு அசையாது. பேட்டரியும் நன்றாக இருந்தால் அந்தத் தகட்டில் தூசியோ முடியோ சிக்கியிருக்கும். அன்றிரவு ஹோஸைக் கழற்றி வடித்துவிட்டு, சிங்க் அடி அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள்.

சின்னச் சின்னவை

டயர் அழுத்தத்தை வெயில் படுமுன், ஓட்டுமுன் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறியிருப்பது இயல்பு, காற்றைத் திறந்து விட்டால் மறுநாள் காலை குறைவாக நிற்கும். பக்கச் சுவரில் DOT என்ற எழுத்துகளை அடுத்து வரும் கடைசி நாலு இலக்கம் பிறந்த தேதி: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டை ஆழமாக இருந்தாலும் ஆறேழு வருடம் வெயிலில் நின்ற டயரை நம்ப வேண்டாம்.

மேகமே இல்லாமல் இடிச்சத்தம், ஜன்னல் அதிர்வு: ட்வென்டிநைன் பாம்ஸுக்கு வடக்கே மரைன் படையின் பெரிய பயிற்சித் தளம் இருக்கிறது. பீரங்கிப் பயிற்சி. வண்டியில் ஒன்றும் இல்லை.

நாயை வண்டியில் விட்டுவிட்டு, வெப்பம் ஏறினால் போனுக்குச் செய்தி அனுப்பும் கருவியை வைத்துப் போகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: செய்தி வரும்போது நீங்கள் பூங்காவுக்குள் சிக்னல் இல்லாத இடத்தில் இருப்பீர்கள். 43 டிகிரி வெயிலில் பிரேக்கர் விழுந்தால் அந்த நாய் பிழைக்காது. பூங்காவின் பெரும்பாலான நடைபாதைகளிலும் நாய்க்கு அனுமதி இல்லை. ஒருவர் வண்டியிலேயே இருந்து முறைவைத்துப் போய் வாருங்கள்.

கிளம்பும் காலையில் ஸ்லைடு உள்ளே வரமாட்டேன் என்கிறது

முதலில் வெளியே போய்த் தண்டவாளத்தைப் பாருங்கள். மணலோ கல்லோ இருந்தால் பிரஷ்ஷால் தள்ளுங்கள். மேல்பக்கம் குச்சி, இலை கிடந்தாலும் ரப்பர் மடங்கிச் சிக்கும். பிறகு பேட்டரி: 12 வோல்டுக்குக் கீழே இருந்தால் எஞ்சினை ஓட விட்டோ கரண்ட் இணைப்பைப் போட்டோ ஏற்றுங்கள். சில வண்டிகளில் கைபிரேக் போட்டிருந்தால்தான், சிலவற்றில் சாவி குறிப்பிட்ட நிலையில் இருந்தால்தான் ஸ்லைடு அசையும். மோட்டார் சத்தம் வந்து ஸ்லைடு ஒரு பக்கம் மட்டும் நகர்ந்தால் பொத்தானை விட்டுவிடுங்கள். அழுத்திப் பிடித்தால் பல் உடையும். கையால் சுழற்றும் வழி பல வண்டிகளில் உண்டு, அதன் துளை எங்கே, சுழற்றும் சாவி எந்தப் பெட்டியில் என்பதை வண்டியை வாங்கும் அன்றே கேட்டு, போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தண்டவாளத்துக்கு கிரீஸ் தடவாதீர்கள், மணலைப் பிடித்து உப்புத்தாளாக்கிவிடும். காய்ந்து போகும் வகை சிலிகான் ஸ்பிரே மட்டும் அடியுங்கள்.